பல்லேகலைக்கு சுனாமி வருமா?

என் தோள்பையைத் தூக்கிப் பார்த்தவர்கள் யாரும் ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்ததில்லை. "என்னாண்ணே, கல்லா சுமக்கிறீங்க?" என்று தொடங்கும். பிறகு ஒருவர் சிப்பை இழுப்பார். முதலில் டோர்ச் வெளியே வரும். அதன் பேட்டரிகளைத் தனியாகக் கழற்றி, ஒரு சின்னப் பொலித்தீன் பையில் போட்டு ரப்பர் வளையத்தால் கட்டியிருப்பேன். உள்ளேயே விட்டுவைத்தால் எங்கள் பக்கத்து ஈரத்துக்குக் கசிந்து பச்சை பிடித்துவிடும். ஒரு விசில். ஒரு லீற்றர் தண்ணீர். இரண்டு ஜீவனி பக்கெட். ஒரு சுருள் நைலோன் கயிறு. உள்ளங்கை அளவு ரேடியோ. துணிக்கட்டு, பிளாஸ்டர், அம்மாவின் பிரஷர் மாத்திரை ஓர் அட்டை. பிளாஸ்டிக் உறைக்குள் வீட்டாரின் அடையாள அட்டைப் பிரதிகளும் கையால் எழுதிய தொலைபேசி எண்களும். ஒவ்வொன்றாக மேசைமேல் வைக்க வைக்கச் சிரிப்பு கூடும். விசிலை யாராவது ஒருவர் ஊதாமல் விடமாட்டார்.

கடைசியில் ஒருவர், "ஏதாவது நடந்தா நாங்கல்லாம் அண்ணன் வீட்டுக்குத்தான் வருவோம்" என்பார். வேலைத்தளத்தில் என் பெயர் சுனாமி அண்ணன். "பல்லேகலைக்கு சுனாமி வருமாண்ணே?" என்று தம்பிமார் கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். கண்டியிலிருந்து திகன போகும் பாதையில், கடல்மட்டத்துக்கு நானூறு மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர் இது. எந்தப் பக்கம் இறங்கினாலும் கடலுக்கு ஏறத்தாழ நூறு கிலோமீற்றராவது போகவேண்டும். பல்லேகலை என்றால் கிரிக்கெட் மைதானம், சிறைச்சாலை, ஏற்றுமதி வலயம் என்றுதான் வெளியூர்க்காரருக்குத் தெரியும்.

ஆனால் இங்கே இன்னொன்றும் இருக்கிறது. புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் அமெரிக்க விஞ்ஞானிகளோடு சேர்ந்து 2000ஆம் ஆண்டில் நிறுவிய நிலநடுக்கப் பதிவு நிலையம். உலக நிலநடுக்க வலையமைப்பில் பல்லேகலைக்கு ஓர் இடம் உண்டு. 2004 டிசம்பர் 26 காலை, இலங்கை நேரப்படி ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடித் தரை பிளந்தது. ஆயிரத்து எழுநூறு கிலோமீற்றர் அளவு தூரத்தை அந்த அதிர்வு பாறைகளின் ஊடாக நான்கு நிமிடத்துக்குள் கடந்து பல்லேகலையை வந்தடைந்தது. கருவி பதிந்தது. அப்போது கல்முனையில் கடல் அமைதியாக இருந்தது. முல்லைத்தீவில் நத்தார் முடிந்த மறுநாள் காலை. பெரலியவில் பின்னர் அலைக்குள் சிக்கப்போகிற ரயில் காலிப் பக்கமாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. கிழக்குக் கரையில் அலை ஏறியபோது எட்டரை மணிக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்ட நேரம். தென்மேற்கில் அதற்கும் பிந்தி.

ஆக, சுனாமி பல்லேகலைக்கு வந்தது. கரையிலிருந்த யாருக்கும் வருவதற்கு ஒன்றரை மணிநேரம் முன்பே வந்தது.

ஒரேயொரு நிலையத்தின் பதிவை வைத்துச் சுனாமி வருகிறது என்று யாராலும் சொல்லிவிட முடியாது. நில அதிர்வு வேறு, அலை வேறு. இந்துசமுத்திரத்துக்கென்று ஓர் எச்சரிக்கை அமைப்பு அன்று இருக்கவுமில்லை. அந்நாள் ஞாயிற்றுக்கிழமை, போதாக்குறைக்குப் போயா தினம். கருவியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அது தன் வேலையைச் செய்தது. இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கருவிக்கும் கரைக்கும் நடுவே ஒரு வாய் இல்லை. ஆயத்தம் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் வந்து நிற்கும் இடம் இது.

அடுத்த ஆண்டு அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, அதன்கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது, பிறகு 117 என்ற அவசர இலக்கம் வந்தது. ஹக்மன, மஹகனதராவ என்று வேறு இடங்களிலும் பதிவுக் கருவிகள் வைத்தார்கள். 2020 ஆகஸ்ட் கடைசியில் திகன, ஹாரகம பக்கம் நிலம் லேசாக ஆடியபோது, விக்டோரியா அணைக்கு அருகில் இருக்கிறோம் என்ற நினைப்பில் எங்கள் பகுதியே இரவெல்லாம் வெளியில் நின்றது. 122 மீற்றர் உயரமான அணை, நாட்டிலேயே உயரமானது. அந்த வாரம் யாரும் என் பையைத் திறந்து சிரிக்கவில்லை. விசில் எங்கே வாங்கலாம் என்று இருவர் கேட்டார்கள். அடுத்த மாதமே எல்லாம் பழையபடி ஆனது.

கேலி என்னைப் புண்படுத்துகிறதா என்று சிலர் அக்கறையாகக் கேட்பதுண்டு. அது சின்ன விசயம். கேலி செய்யப்படுகிறவர் கொஞ்ச நாளில் பையை அலுமாரிக்குள் வைத்துக்கொள்கிறார், பேச்சை நிறுத்திக்கொள்கிறார். தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் மட்டும் சத்தமில்லாமல் ஆயத்தமாகிறார். ஊருக்குப் போயிருக்க வேண்டிய அறிவு ஒரு வீட்டுக்குள் அடைபட்டுவிடுகிறது. நான் கவலைப்படுவது இதற்காகத்தான். அலுமாரிக்குள் போன ஆயத்தமும் அன்று காலை பல்லேகலையில் பதிந்த கோடும் ஒன்றுதான்.

1968இல் பிப் லத்தானே, ஜோன் டார்லி என்ற இரு உளவியலாளர்கள் நியூயோர்க்கில் ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். படிவம் நிரப்பவென்று மாணவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, சுவரிலிருந்த துவாரம் வழியாகப் புகையை உள்ளே விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 வீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். கூடவே இரண்டு பேரை முன்னேற்பாடாக இருத்தி, புகையைக் கண்டும் காணாததுபோல எழுதிக்கொண்டிருக்கச் சொன்னபோது, சொன்னவர்கள் 10 வீதம்தான். மற்றவர்கள் இருமிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் படிவத்தை நிரப்பினார்கள். ஆபத்தை நாம் நம் கண்ணால் அளப்பதில்லை, பக்கத்து முகத்தைப் பார்த்துத்தான் அளக்கிறோம் என்பது இதில் தெரிகிறது. பக்கத்து முகத்தில் சிரிப்பு இருந்தால் என்ன ஆகும் என்பதை ஊகிக்க இன்னொரு சோதனை வேண்டியதில்லை.

தாய்லாந்தின் வானிலைத் திணைக்களத்துக்குத் தலைவராக இருந்த சிமித் தர்மசரோஜா, புக்கெட், பங்ஙா, கிராபி கரைகளுக்குச் சுனாமி வரலாம் என்று 1998இல் சொன்னார். பைத்தியக்காரர் என்றார்கள். சுற்றுலாவைக் கெடுக்க வந்தவர் என்றார்கள். ஆறு ஆண்டுக்குப் பிறகு அதே கரைகளில் ஆயிரக்கணக்கானோர் இறந்தபின், ஓய்வில் இருந்தவரைத் தேடி அழைத்துவந்து 2005இல் தேசிய அனர்த்த எச்சரிக்கை மையத்தை ஒப்படைத்தார்கள். அவர் சொன்னது பலித்ததை நான் பெரிதாக எடுக்கவில்லை. அவரைப் பார்த்துச் சிரித்த அந்த ஆறு ஆண்டுகளில், அவருக்குக் கீழ் வேலை பார்த்த எத்தனை இளைஞர்கள் நமக்கேன் வம்பு என்று வாயை மூடக் கற்றிருப்பார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

ஜப்பானின் ஃபுதாய் கிராமத்துக் கதை இதற்கு மறுபக்கம். கொத்தோகு வாமுரா என்பவர் அங்கே நாற்பது ஆண்டுகள் கிராமத் தலைவராக இருந்தார். 1933 சுனாமியில் இறந்தவர்களை மண்ணிலிருந்து தோண்டி எடுத்ததைக் கண்ணால் கண்டவர். பதினைந்தரை மீற்றர் உயரத்துக்குத் தடுப்புக்கதவு கட்டவேண்டும் என்று நின்றார். சின்ன மீனவ ஊருக்கு இவ்வளவு பெரிய கதவா, பணத்தைக் கடலில் கொட்டுகிறார் என்று ஏசினார்கள். 1984இல் கட்டி முடித்தார், 1997இல் இறந்தார். 2011 மார்ச் 11 அலை சுற்றியிருந்த ஊர்களை வாரிக்கொண்டு போனபோது ஃபுதாயின் வீடுகள் நின்றன. படகைப் பார்க்கத் துறைமுகத்துக்குப் போன ஒருவர்தான் காணாமற்போனார். அதன்பின் ஊரார் வாமுராவின் கல்லறைக்குப் போய் வணங்கினார்களாம். அவரது பிடிவாதத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. கேலி கேட்டு அவர் தன் வீட்டை மட்டும் மேட்டில் கட்டிக்கொண்டு ஓயவில்லை. பொதுப் பணத்தில், ஊரின் முகப்பில், எல்லோரும் பார்த்துத் திட்டக்கூடிய இடத்தில் கட்டினார்.

கேலி எல்லா இடத்திலும் எழுவதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். எங்கள் வேலைத்தளத்தில் கிளிநொச்சியிலிருந்து வந்து கண்டியில் குடியேறிய அக்கா ஒருவர் இருக்கிறார். பையைக் கொட்டி எல்லோரும் சிரித்த ஒரு நாள், அவர் மட்டும் ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஊசி நூல் வைக்கேல்லையோ?" எதற்கு என்று கேட்டேன். "சீலையைத் தைச்சு, மண் நிரப்பித்தான் பங்கருக்கு மூட்டை அடுக்கினனாங்கள். ஊசி இல்லாமல் என்ன செய்யிறது?" சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றப் போய்விட்டார். மேசையில் சத்தம் அடங்கியது. 2009 போரில் வன்னியில் பட்டுச்சீலையும் கூறைச்சீலையும் மண்மூட்டை ஆனதைப் படித்திருக்கிறேன்; ஊசியைப் பற்றி யாரும் எழுதியதாக நினைவில்லை. இப்போது என் பையில் ஊசியும் நூலும் இருக்கின்றன.

எங்கள் தோட்டத்து லயங்களிலும் யாரும் சிரித்ததில்லை. அப்பாயி கட்டிலுக்கு அடியில் ஒரு ரங்குப்பெட்டி வைத்திருந்தார். அதில் துணி கொஞ்சம், கடுதாசி நிறைய. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் ஒரே வீச்சில் நாடற்றவர்களாக்கிய சனங்களுக்கும், 1964 ஒப்பந்தத்தில் இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் ஐந்தேகால் இலட்சம் உனக்கு, மூன்று இலட்சம் எனக்கு என்று பங்கிட்டுக்கொண்ட சனங்களுக்கும் ஒரு துண்டுக் கடுதாசியின் பெறுமதி தெரியும். 1977, 1983 கலவரங்களில் தோட்டத்தை விட்டு இரவில் ஓடியவர்கள் நகையைத் தேடுமுன் அந்தப் பெட்டியைத் தேடினார்கள். அதைக் கண்டு யாரும் கிண்டல் பண்ணவில்லை. பெட்டி இல்லாத வீட்டைத்தான் பாவம் என்றார்கள். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, பல்லேகலை எங்கும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்து அவசரகாலச் சட்டம் வந்த வாரத்தில், எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளிலும் இப்படியொரு பை கதவருகே தயாராக நின்றது. பார்த்தவன் சொல்கிறேன்.

ஆகவே ஆயத்தம் என்பது வெளிநாட்டு சினிமாவில் கத்தியும் கையுமாகக் காட்டுக்குள் போகும் ஒற்றை மனிதரின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். நம்மிடம் அது எப்போதும் இருந்தது. பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்தது. 2022 மார்ச் இறுதியில் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு வந்தபோது, லாம்புச் சிம்னியைத் துடைத்து எடுத்துத் தந்தவர்கள் வீட்டுக் கிழவிகள்தான். நடுவில் கொஞ்சக் காலம் வசதியாக இருந்தோம். அந்த வசதிதான் சிரிக்கப் பழக்கியது.

நல்லவாடு என்ற ஊரைப் பற்றிச் சொல்லவேண்டும். புதுச்சேரிக் கரையில் உள்ள மீனவக் கிராமம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்தக் கரையோரக் கிராமங்களில் அறிவு மையங்கள் திறந்து, ஒலிபெருக்கி கட்டிக் கொடுத்திருந்தது. கடல் அலையின் உயரமும் மற்ற அன்றாடத் தகவல்களும் அறிவிப்பதற்காக. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் வேலை செய்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். சேதி கேட்டவர்கள் மையத்தின் கதவை உடைத்துக்கொண்டு போய் ஒலிபெருக்கியில் கத்தினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கரையை விட்டு ஓடினார்கள். படகுகளும் வீடுவாசலும் போயின. உயிர் போகவில்லை. அந்த ஊரில் யாரிடமும் நிலநடுக்கக் கருவி இல்லை. தினமும் அலையின் உயரம் சொல்லிப் பழகிய ஒரு குழாய் இருந்தது, அவ்வளவுதான். நேற்றுவரை அலையைப் பற்றிச் சரியாகச் சொன்ன குழாய் என்பதால் அன்று ஓடு என்றபோது யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் வீடுகள் இருக்கும் மலைச்சாய்வில், மேல் வரிசை வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். இரண்டு லீற்றர் சோடாப் போத்தல் ஒன்றைக் கழுத்துக்குக் கீழே வெட்டி, மேல்துண்டைத் தலைகீழாகக் கவிழ்த்துப் புனலாக்கி வைத்திருக்கிறார். போத்தலின் அடி வளைந்திருப்பதால் கூழாங்கல்லும் சீமெந்துக் கலவையும் ஊற்றிச் சமன் செய்து, சுவர் நேராகும் இடத்திலிருந்து அடிமட்டம் வைத்துக் கோடு போட்டிருக்கிறார். 75, 100, 150 மில்லிமீற்றர். மண்சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவுகள் இவை: இருபத்துநான்கு மணிநேரத்தில் 75 விழுந்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும். நூற்றைம்பதுக்கு மட்டும் பேத்தியின் சிவப்பு நகப்பூச்சு. மரம் மறைக்காத மதிற்சுவர் ஓரத்தில் அதைக் கட்டிவைத்து, தினமும் காலையில் பார்த்து மதிலிலேயே கரியால் எழுதுகிறார். "டீச்சர் மழைய அளந்து விக்கப் போறாங்க" என்று ஆரம்பத்தில் சொன்னார்கள். அவர் அதைக் காதில் வாங்காமல் எழுதிக்கொண்டே இருந்தார். என் பை மூடியிருந்தது. அவர் போத்தல் தெருவைப் பார்த்து இருந்தது. இந்த வித்தியாசத்தை அவரிடம்தான் கற்றேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுக்க அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்த அந்த நாட்களில் கண்டி, பதுளை, நுவரெலியா மலைகளில்தான் அடி பலமாக விழுந்தது. பாதைகள் அடைபட்டன, மின்சாரம் போனது, தொலைபேசிக் கோபுரங்கள் செத்தன. தமிழில் எச்சரிக்கைகள் போதவில்லை, வந்தவையும் பிந்தி வந்தன என்ற குறை அப்போது பரவலாக எழுந்தது. மிக நியாயமான குறை. லயத்துக்கு மேலே மலை நிற்கும் சனங்களுக்கு, அவர்கள் மொழியில் சொல்லாத எச்சரிக்கை சொல்லாததற்குச் சமம். எங்கள் சாய்வில் என் ரேடியோ சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் கத்தினேன். ஆனால் ஆட்களை வீட்டைவிட்டு எழுப்பியது ரேடியோ இல்லை. டோர்ச் வெளிச்சத்தில் போத்தலைப் பார்த்துவிட்டு டீச்சர், "செவப்ப தாண்டிருச்சு, எழும்புங்க" என்றார். கரியில் எழுதிய எண்களை மாதக்கணக்காகப் பார்த்துப் பழகிய சனம் மறுபேச்சில்லாமல் எழும்பியது. பாய், தலையணை, பிள்ளைகளோடு பாடசாலைக்குப் போனோம்.

எங்கள் சாய்வு சரியவில்லை. மூன்றாம் நாள் வீடு திரும்பும்போது சிலர் முணுமுணுத்தார்கள். 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராப் பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்து, நம் கரையோரம் முழுக்க மக்கள் மேட்டுக்கு ஓடி, பெரிய அலை வராமற்போனபோதும் இதே முணுமுணுப்பு எழுந்தது. வீணாக ஓடினோம் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 2004இல் யாருக்கும் சொல்ல வாயில்லாமல் கிடந்த தீவு, அன்று சொல்லவும் கேட்கவும் ஓடவும் முடிந்த தீவாக இருந்தது. டீச்சரும் முணுமுணுப்புக்குப் பதில் சொல்லவில்லை. வெள்ளத்தில் கோணியிருந்த போத்தலை நிமிர்த்திக் கட்டினார்.

நல்லவாட்டில் கதவை உடைத்தார்கள் என்பது என் மனதில் தங்கிவிட்டது. எங்கள் சுற்றுவட்டாரத்தில் கோயிலிலும் பள்ளிவாசலிலும் விகாரையிலும் ஒலிபெருக்கி இருக்கிறது. மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டால் கேட்காத வீடு இருக்காது. மின்சாரம் போனால் எதற்கு வாகன பேட்டரி இணைப்பு உண்டு, நடுச்சாமத்தில் யார் திறப்பார்கள் என்று விசாரித்துவிட்டு வந்தேன். விகாரையில் ஹாமுதுருவே சம்மதம் சொன்னார். எந்த நேரமும் மணியை அடிக்கலாம் என்றார். பள்ளிவாசலில் முஅத்தின் உள்ளேயே தங்கியிருக்கிறார். எங்கள் கோயிலில் ஒலிபெருக்கி அறைக்குச் சாவி ஒன்றுதான் இருக்கிறது. அது இருப்பது கட்டுகஸ்தோட்டையில், தலைவர் ஐயா வீட்டில். இரண்டாவது சாவி ஒன்று வெட்டி டீச்சர் வீட்டில் கொடுத்துவைக்கும்படி கேட்டிருக்கிறேன். நிர்வாக சபை அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறது. கூட்டம் பௌர்ணமிக்குப் பிறகு.